இன்னொரு பார்ட்டி

— மனசாட்சிப்படி சொல்றேன் மேடம், இந்த வீட்டுக்குள்ள கொசுவே வராது.

— ஏன் புரோக்கர் சார், கொசுவுக்கும் வாடகை கட்டுப்படியாகலையா?

— மேடம் நல்லா பேசறீங்க. சார், நீங்க சொல்லுங்க. காத்து எப்படி வருது பாருங்க.

— நல்லாத்தான் வருது…

— மாஸ்டரே, அது ஃபேன் காத்து. கொஞ்சம் அண்ணாந்து பாருங்க.

— அட, ஆமா!

— ஃபேன் இல்லாட்டியும் வரும் மேடம். இன்னிக்குக் காத்துக்கு மூடு சரியில்ல, அவ்வளவுதான்.

— போன வாரம் காட்டின வீட்ல ரெண்டு பெட்ரூம்னு சொன்னீங்க. ரெண்டாவது எங்கன்னு கேட்டா, பால்கனியில ஒரு திரையை இழுத்து விட்டீங்க.

— படுத்துட்டா அதுவும் பெட்ரூம்தானே மேடம்?

— அதுக்கு முந்தின வீடு, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துலயே இருக்குன்னீங்க.

— இருந்துச்சே! நீங்களே பார்த்தீங்களே.

— பார்த்தோம். ஸ்டாப் இருக்கு, அங்க பஸ் நிக்கறதில்ல.

— பழசெல்லாம் எதுக்கு மேடம்? இந்த வீட்டைப் பாருங்க. விடிஞ்சதும் விடியாததுமா சூரியன் நேரா வந்து படுக்கையில விழும்.

— ஐயோ!

— என்ன மேடம் ஐயோ?

— நான் ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி நர்ஸ். விடிஞ்சப்புறம்தான் வந்து படுப்பேன். இவர் பேக்கரி மாஸ்டர். ஊரு தூங்கறப்ப மாவு பிசையப் போயிட்டு, வெயில் ஏறினப்புறம் வருவார். எங்களுக்குப் பகல்தான் ராத்திரின்னு தலையில அடிச்சுக்காத குறையா சொன்னேனே! இருட்டா, சத்தமில்லாம ஒரு வீடு. கேட்டது அவ்வளவுதான்.

— சொன்னீங்க, சொன்னீங்க. நான் மறப்பேனா? சூரியன் விழும்னு சொன்னேனே தவிர, ரொம்ப நேரம் இருக்கும்னு சொன்னேனா? எட்டிப் பார்த்துட்டுப் போயிடும் மேடம். ரொம்ப மரியாதையான சூரியன்.

— ஏங்க, சிரிக்காதீங்க நீங்க. சிரிச்சு சிரிச்சுத்தான் அவர் வாயில விழறீங்க. சரி, சத்தம் எப்படி?

— நீங்களே கேளுங்க. ஏதாவது கேக்குதா?

— கேக்கலையே நர்ஸம்மா. நிஜமாவே அமைதியாத்தான் இருக்கு.

— கீழ ஒரு ஷட்டர் மூடிக் கிடக்கே, அது என்ன கடை?

— அதுவா… அது ஒரு தொழில் மேடம். சாதுவான தொழில். வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது.

— ஜன்னல் கட்டையைத் தொட்டா கையில கருப்பா, பொடியா ஏதோ ஒட்டுதே?

— புது வீட்டுத் தூசு.

— சுவர்ல பெயின்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சு தொங்குது. இது புது வீடா?

— உங்களுக்குப் புதுசுதானே மேடம்! சார், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னொரு பார்ட்டி வந்துக்கிட்டிருக்காங்க. ஒரு அம்மா. கையில அட்வான்ஸோட வர்றாங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்னுட்டாங்க.

— இந்த வீட்டைக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்க முடியும்.

— நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசிக்கிட்டிருங்க. நான் ஓடிப்போய் மொட்டைமாடிச் சாவி வாங்கிட்டு வந்துடறேன். மாடியைப் பார்த்தீங்கன்னா மேடம், உங்க மனசு அங்கயே குடி போயிடும்.

\*

— போயிட்டாரா?

— தெரு முனை தாண்டிட்டார். இங்கருந்து தெரியுது.

— அப்பாடா! வாங்க மாஸ்டரே, இப்படித் தரையில உக்காருங்க. இதுக்காகத்தான் நான் வீடு பார்க்கவே வர்றேன்.

— பன் கொண்டு வந்திருக்கேன். இன்னும் சூடு ஆறல. இந்தா.

— கல்யாணமாகி நாலு மாசம். நீங்க பேக்கரி ஆளுங்களோட ஒரே ரூம்ல. நான் அக்கா வீட்டு ஹால்ல, அவ புள்ளைங்க கால்மாட்டுல. புருஷன் பொண்டாட்டியா நாம தனியா உக்காந்ததெல்லாம் அடுத்தவங்க காலி வீட்லதான்.

— அந்த வகையில புரோக்கர் நமக்கு நல்லதுதான் பண்றார்.

— எனக்கு அந்த பால்கனி பெட்ரூம் வீடு ரொம்பப் பிடிச்சுது. போன் பேசறேன்னு வெளிய போனவர், எவ்வளவு நேரம் வரவே இல்ல!

— ஏய், மெதுவா சிரி. காலி வீடு, எதிரொலிக்குது.

— ஒலிக்கட்டும். சொல்லுங்க, கட்டில் எங்க போடலாம்? அந்த மூலையிலயா?

— நம்மகிட்ட கட்டிலே இல்லையே.

— வீடே இல்ல. இதுல கட்டில் இல்லைன்னு கவலைப்படறார்! போடுங்க அந்த மூலையில.

— சரி, போட்டாச்சு. இதையே எடுத்துடலாமா?

— என்ன?

— நிஜமாத்தான் சொல்றேன். உங்க அக்கா வீட்ல புள்ளைங்க ஓடற ஓட்டத்துல நீ கண்ணை மூடறதே இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட பேசிக்கிட்டிருக்கும்போதே, நின்னபடி தூங்கிட்டே. அதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடல. ஒரு தட்டு பன்னு முழுக்கக் கருக விட்டேன்.

— அது தூக்கம் இல்ல. உங்க தோள் அவ்வளவு வாகா இருந்துச்சு.

— விளையாடாதம்மா.

— விளையாடல. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆளு அமைதின்னு சொன்னா அங்க ஆர்ப்பாட்டம்னு அர்த்தம். இந்த வீட்ல ஏதோ இருக்கு.

— காதுல பஞ்சு வச்சுக்கலாம்.

— நாலு மாசம் கழிச்சு ஒண்ணா இருக்கப் போறோம், காதுல பஞ்சையா அடைச்சுக்கறது? நீங்க பேசறது எனக்குக் கேக்க வேணாமா?

— இந்தா, என் பன்னையும் நீயே சாப்பிடு.

— அப்ப உங்களுக்கு?

— எனக்கு நீ பேசறது கேட்டாப் போதும்.

— யாரோ படியேறி வர்றாங்க. அந்த இன்னொரு பார்ட்டிதான். பையை எடுத்து வைங்க.

— அடடடா! என்ன வீடு, என்ன வீடு! ஹாலா இது, மைதானம்! என்ன சொல்றேன்னா, நான் இப்பவே முடிச்சுக்கறேன். அட, யாருப்பா நீங்க? நீங்களும் பார்க்க வந்தவங்களா? லேட் பண்ணிட்டீங்களே!

— வாங்க அக்கா. பேங்க் வேலையை விட்டுட்டீங்களா?

— எந்த பேங்க்மா?

— போன வாரம் பால்கனி வீட்டுக்கு வந்தப்ப பேங்க் மேனேஜர்னு சொன்னீங்களே.

— ஓ… அதுவா. மாத்தல் ஆயிடுச்சு.

— அதுக்கு முந்தின வாரம், பஸ் நிக்காத ஸ்டாப் வீட்ல, உங்களுக்கு ரெட்டைப் புள்ளைங்க இருந்தாங்க. ரெண்டும் எல்.கே.ஜி.ன்னீங்க.

— வளர்ந்துட்டாங்கம்மா.

— ரெண்டே வாரத்துலயா?

— ரெண்டும் நல்லா சாப்பிடும்.

— நர்ஸம்மா, இவங்கதானா அவங்க? அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தாங்களே!

— கண்ணாடி பேங்க்குக்கு மட்டும் தம்பி. ஐயோ, என்னால முடியல… சிரிச்சு வயிறு வலிக்குது. என்ன சொல்றேன்னா, கொஞ்சம் தண்ணி இருக்கா?

— இந்தாங்க அக்கா. பன்னும் இருக்கு, சாப்பிடுங்க.

— அவங்களுக்கு எதுக்குப் பன்னு? அக்கா, நீங்க சிரிக்கறீங்க. அந்த பஸ் ஸ்டாப் வீட்டை நாங்க ஓரளவு மனசுல முடிவு பண்ணியிருந்தோம். நீங்க வந்து எடுத்துக்கறேன்னு குதிச்சீங்க. கைக்கு வந்தது போச்சேன்னு எங்க அக்கா வீட்டு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டு அழுதேன். தெரியுமா உங்களுக்கு?

— அழுதியா?

— என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

— சொன்னா நீங்க இன்னொரு தட்டு கருக விடுவீங்க.

— தப்புதாம்மா. என்ன சொல்றேன்னா… நான் இப்படி வந்து நடிக்கறதால பின்னாடி ஒருத்தி அழுவான்னு எனக்குத் தோணினதே இல்ல. சின்ன வயசுல நாடகத்துல சேரணும்னு உயிரா இருந்தேன். வீட்ல விடல. இப்ப வாரத்துக்கு ஒரு வேஷம் கிடைக்குது. ஒரு வாரம் மேனேஜர், ஒரு வாரம் கோர்ட்ல வக்கீல். அந்த ஆசையில வந்துடறேன்.

— இதுக்கு அவர் காசு ஏதாவது தர்றாரா அக்கா?

— காசா? அந்த மனுஷன் ஒரு காபி வாங்கித் தந்ததில்ல தம்பி! சரி, பன்னு சாப்பிட்டுட்டு மறைக்கக் கூடாது. இந்த வீடு உங்களுக்கு வேண்டாம். கீழ இருக்கறது தகரம் வெட்டற பட்டறை. இன்னிக்கு வார லீவு. அதனாலதான் உங்களை இன்னிக்கு வரச் சொன்னது. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சைகையிலதான் பேசிக்கணும்.

— பார்த்தீங்களா? சாதுவான தொழில்!

— பஞ்சு பத்தாது போலிருக்கே.

— ஆமா, ஏம்மா பாத்ரூம்ல போய் அழுதே? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

— நான் ஒரு இடம், இவர் ஒரு இடம் அக்கா. கல்யாணம் ஆன நாள்லருந்து. நான் நைட் டியூட்டி நர்ஸ், இவர் பேக்கரி மாஸ்டர். வேலைக்குப் பக்கத்துல, பகல்ல தூங்கறாப்ல ஒரு வீடு அமையலை.

— அப்ப ராத்திரியில நீங்க ரெண்டு பேரும் வீட்லயே இருக்க மாட்டீங்களா?

— நான் சாயங்காலமே கிளம்பிடுவேன். இவர் ஒரு தூக்கம் போட்டுட்டு, பூனை மாதிரி எழுந்து போயிடுவார்.

— டிவி?

— இல்ல அக்கா.

— நாற்காலியைத் தரதரன்னு இழுக்கறது?

— நாற்காலியே இல்ல அக்கா. கட்டிலும் இல்ல.

— எழுந்திரிங்க.

— எங்க போறோம் அக்கா?

— பக்கத்துத் தெருதான். நிஜமாவே பக்கத்துத் தெரு, நடந்தே பார்த்துக்கோ. அந்த பன் பையையும் எடுத்துக்கோங்க தம்பி.

— சாவி வாங்கப் போனவர் வந்து தேடுவாரே…

— தேடட்டும். நல்லா தேடட்டும்.

\*

— படி பார்த்து ஏறும்மா, மேல இருந்து மூணாவது படி ஆடும். இதுதான் வீடு. முதல்லயே சொல்லிடறேன், குழாயை ஒரு தட்டு தட்டினாத்தான் தண்ணி வரும்.

— தட்டறேன் அக்கா… வருது! ஏங்க, நல்லா வேகமா வருது பாருங்க!

— சமையல் ரூம்ல ரெண்டு பேரு நிக்க முடியாது. ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தர் வெளிய போகணும்.

— போக மாட்டோம் அக்கா. இடிச்சுக்கிட்டே நிப்போம்.

— நர்ஸம்மா! அவங்க முன்னாடி…

— எனக்கென்ன தம்பி, நான் காதைப் பொத்திக்கறேன். பெட்ரூம் இந்தப் பக்கம். என்ன சொல்றேன்னா, இதுதான் இந்த வீட்டுக்கு வந்த சாபம். பின்னாடி குடோனோட பெரிய சுவர். ஜன்னலைத் திறந்தா சுவர்தான். உச்சி வெயில்லயும் விளக்குப் போட்டாத்தான் கை தெரியும். வந்தவங்க எல்லாம் இதைப் பார்த்துட்டுத்தான் ஓடினாங்க. ஓடாதவங்களை நான் விரட்டினேன். மேல ஒரு டம்ளர் உருண்டாக்கூட கீழ எனக்குத் தூக்கம் போயிடும்.

— விளக்கை அணைங்க மாஸ்டரே.

— அணைச்சாச்சு. எங்க இருக்கே? ஆளே தெரியல!

— இங்கதான் இருக்கேன். ஐயோ, என்ன இருட்டு! என்ன அழகான இருட்டு! சத்தமும் இல்ல, பாருங்க. நீங்க மூச்சு விடறது கேக்குது.

— குடோன்ல என்ன வச்சிருக்காங்க அக்கா?

— பஞ்சு மெத்தை தம்பி. அடுக்கடுக்கா மெத்தை. அதுங்க என்னிக்குச் சத்தம் போட்டுச்சு?

— மெத்தையா! அப்ப கட்டிலுக்கு மட்டும் அலைஞ்சாப் போதும் மாஸ்டரே.

— அழறியா என்ன?

— இருட்டுல எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?

— தோள் நனையுதே.

— அவ அழட்டும் தம்பி. இந்த அழுகைக்குக் குழாயைத் திறந்து விட வேண்டாம். வாடகை, இப்ப பார்த்தீங்களே அந்த வீட்டுக்குச் சொன்னதுல பாதி குடுங்க, போதும்.

— பாதியா! இருங்க அக்கா. நாலு மாசமா அடி வாங்கின உடம்பு இது, நல்லதைக் கேட்டாலே பயமாயிருக்கு. வீடு யார் பேர்ல இருக்கு?

— என் பேர்லதான். எங்கப்பா கட்டினது. பத்திரம் கீழ இருக்கு, காட்டறேன், நல்லாப் படிச்சுப் பாரு. நான் கீழ, நீங்க மேல.

— புரோக்கர் கமிஷன்?

— என் வீட்டுக்கு என்கிட்டயே கமிஷனா? கேட்டுத்தான் பார்க்கட்டுமே!

— அப்ப எடுத்துக்கறோம் அக்கா. ஏங்க, சொல்லுங்க நீங்களும்.

— எடுத்துக்கறோம் அக்கா. தினமும் முதல் பன்னு உங்களுக்குத்தான்.

— அது போதும் எனக்கு. நாளைக்கே வந்துடுங்க.

— எதுக்கும் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே அக்கா. அவர் வீட்ல இல்லையா?

— எங்க இருப்பார்? மொட்டைமாடிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டு, அந்தப் பட்டறை வீடு முழுக்க ‘சார், மேடம்’னு உங்களைத்தான் தேடிக்கிட்டிருப்பார்.