ஊதாத சங்கு

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பதுளை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனில் வீட்டுக் கதை பேசத் தொடங்கினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், விஜிதா மிஸ். நீங்கள் ஜீவராணியின் வக்கீல். என்னைப் பற்றி உங்கள் மனதில் வேறு மாதிரி ஓர் உருவம் இருக்கும்.

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக நான் கிளாக்கர். என் அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். லயத்து வரிசை வீட்டில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

போன வருடம் கம்பனி ஓர் ஆப் கொண்டுவந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, யார் வந்தது, யார் எந்த மலையில் கொழுந்து எடுக்கிறது என்று ஆபீஸில் இருந்தே பார்க்கலாம். கம்பனி போன் தரவில்லை, அவரவர் சொந்தப் போனில் போடச் சொன்னது. வரிசையில் வந்து போனை என் கையில் கொடுத்தார்கள். திரையில் இங்கிலீஷில் நாலு கேள்வி வரும். நாலுக்கும் நானே ‘அனுமதி’ என்று அழுத்தினேன். நம்ம கிளாக்கரையாதானே என்று சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். ஜீவராணி மட்டும் நின்று, "இது என்னாங்கய்யா கேக்குது?" என்றாள்.

"பேரு, ஊரு கேக்குது" என்றேன். ஒன்று மைக்குக்கான அனுமதி என்று எனக்குத் தெரியும்.

அந்த மைக் வழியாக ஆபீஸில் வந்து பதிவாகும் பேச்சைக் கேட்கச் சொல்லித் தோட்டத்து மேனேஜர், எங்கள் தொரை, சொன்னது பிறகுதான். ஸ்ட்ரைக் பேச்சு வந்தால் மட்டும் தனக்குச் சொல்லும்படி சொன்னார். எது ஸ்ட்ரைக் பேச்சு என்று தெரிய வேண்டுமானால் எல்லாப் பேச்சையும்தான் கேட்க வேண்டும். ஆகவே கேட்டேன். பாதிப் பேர் சமையலும் காய்ச்சலும்தான் பேசுகிறார்கள். ஜீவராணி தன் தங்கையிடம், மூன்று மாதம் முழுகாமல் இருப்பதாகவும், முந்தைய இரண்டும் தங்காததால் புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். மேட்டு மலைக்கு அவளை அனுப்பாமல் இருக்கலாமே என்று நினைத்துத்தான் தொரையிடம் சொன்னேன். அவர் மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும், "எத்தனை மாசம்?" என்று அவளைக் கேட்டார். அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தாள். நீங்கள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய பதில்களையெல்லாம், அவள் போட்டுக் கேட்கும்போது நானும் கேட்டிருக்கிறேன். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், மனித உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தனிப்பட்ட தகவலைக் காக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, அதில் எது இப்போது செல்லும் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னீர்கள், நல்ல வக்கீல். கடைசியில் சொன்னீர்கள்: "எதுக்கும் முதல்ல சாட்சி வேணும், ஜீவராணி. ஒரு பொய்யைப் போனில மட்டும் சொல்லுங்கோ. வேற ஒருத்தருக்கும் வாய் திறக்காதேங்கோ. தோட்டத்து ஆபீஸ் அதை நம்பி ஏதும் செய்தா, அதுதான் சாட்சி."

பதிவுகளைக் கேட்டு அறிக்கை எழுதுவது என் கையெழுத்தில். பிடிபட்டால் தொரை தனக்கு ஒன்றும் தெரியாது என்பார், கம்பனி அவரை நம்பும். ஆகவே கவனமாக இருக்க முடிவு செய்தேன். யார் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வேலை நிறுத்தி எல்லாரும் லயத்திலேயே இருந்தார்கள். தொரை பண்டாரவளைக்குப் போயிருந்தார். ஆபீஸில் நான் மட்டும். மத்தியானம் இரண்டு பத்துக்கு அவள் குரல் வந்தது. யாருக்கும் போன் எடுக்கவில்லை. வெறும் போனைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"கிளாக்கரையா, நீங்க கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. குடிக்கிற பீலித் தண்ணி சேறா வருது. ஓடையில வெள்ளம் ஏறிருச்சு, ஆபீசுக்கு வர முடியல. நான் சொன்னா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்குறாங்க, சங்கு ஊதட்டும் பாப்போம்ங்குறாங்க. சங்க ஊதி விடுங்கய்யா. கேஸு கீஸு ஒன்னும் போட மாட்டேன். வயித்துல இருக்க புள்ள மேல சத்தியம்."

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. சங்கு என்பது பெக்டரிச் சைரன். அது நேரம் தப்பி ஊதினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு வந்துவிடுவார்கள். என்ன ஏது என்று அங்கே வந்துதான் கேட்பார்கள். களம் ஓடைக்கு லயத்துப் பக்கமே, சரிவை விட்டு விலகி, சமதரையில் இருக்கிறது. நடந்தால் ஆறு நிமிடம்.

இதுதான் நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய் என்று நினைத்தேன். சங்கு ஊதினால் நான் கேட்டது நிரூபணம் ஆகிவிடும். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். பதிவை இன்னொரு தடவை கேட்டேன். பிறகு மேலும் இரண்டு தடவை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மலை இறங்கியது. பதினொரு பேர். ஜீவராணியின் உடலைக் கடைசி வீட்டு வாசலில் எடுத்தார்கள், அது அவள் வீடு அல்ல. மீட்க ஆள் கூப்பிட நான்தான் ஓடிப்போய்ச் சங்கை ஊதினேன். நன்றாகவே வேலை செய்தது.

பொலிஸில் இதைத்தான் சொன்னேன்: பொறி என்று நினைத்தேன், தவறிவிட்டது. அவர்களும் தலையாட்டினார்கள். பதுளையில் என் மனைவியும் அதையே நம்புகிறாள். நானும் பகலில் நம்பிவிடுகிறேன்.

நீங்கள் பதிவைக் கேட்டீர்கள், கொண்டுவந்திருக்கிறேன். அழிக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவள் என்னிடம் பேசும்போதே நடுநடுவே கதவு தட்டும் சத்தம் கேட்கும். "அத்தே, எந்திரிங்க, மண்ணு வருது" என்று அடுத்த வீட்டில் கத்துவாள். பிறகு அதற்கு அடுத்த வீட்டில். பொய் என்றால் போனுக்கு மட்டும் சொல்லியிருப்பாள். வேறு ஒருவருக்கும் வாய் திறக்கக்கூடாது என்பதுதானே நீங்கள் சொன்னது.

அந்தக் கதவுச் சத்தம் எனக்கு முதல் தடவையிலேயே கேட்டது. சங்கு அறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.