லீவு கிடைக்கலையாம்

எங்க வீட்டுல பீங்கான் கப் ரெண்டு இருக்கு அண்ணி. நீங்களும் அண்ணனும் வெளிநாட்டுலருந்து வந்தாத்தான் அது அலமாரியை விட்டு இறங்கும். நான் டம்ளர்லயே குடிச்சுப் பழகினவன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்ல.

அம்மா காரியத்துக்கு அண்ணன் வந்தப்ப எதிர்வீட்டு அக்கா, "லீவு மட்டும் கிடைச்சிருந்தா அம்மா முகத்தைப் பார்த்திருப்பீங்க"ன்னு அழுதாங்களாம். எந்த லீவுன்னு கேக்கிறீங்க. சொல்றேன். குறுக்க பேசாம கேளுங்க.

போன தடவை நீங்க வந்தது ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அம்மாவை நான்தான் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவேன். குளிப்பாட்டி, ஊட்டி விட்டுட்டு மோட்டார் ரிப்பேர் கடை வேலைக்கு ஓடுவேன். மத்தியானம் மோட்டாருக்குக் கம்பி சுத்துறதைப் பாதியில போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வருவேன், திரும்பிப் போனதும் முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்குவேன். அன்னிக்கு உங்க கார் வந்து நின்னதும் அம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டு, தானே எழுந்து வாசல் வரைக்கும் நடந்தாங்க. தெருவே பார்த்துச்சு. "பெத்த பிள்ளை வந்ததும் கால் வந்துடுச்சு பாரு"ன்னு எதிர்வீட்டு அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. நான் உங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னேன். அப்ப நான் யாரு பெத்த பிள்ளைன்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல, சிரிச்சேன்.

நீங்க கிளம்பின மறுநாள் அம்மா மறுபடியும் படுத்துட்டாங்க. தெருவுல என்னைப் பார்த்தவங்க எல்லாம், "அண்ணன் அடுத்து எப்ப வர்றார்?"னு கேட்டாங்க. என்னை எப்ப வந்தேன்னு கேக்க முடியாதில்ல, நான்தான் எங்கயும் போகலையே.

இந்தத் தடவை காய்ச்சல் கண்டப்ப டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க"ன்னார். அம்மா திடீர்னு தூக்கத்துல போயிட்டாங்கன்னு உங்களுக்குச் சொன்னேன்ல, அது பொய். மூணு வாரம் கிடந்தாங்க. அண்ணன் போன் பண்றப்பல்லாம் தெருவுக்குப் போய் நின்னுக்கிட்டு, "நல்லா இருக்காங்கண்ணே, தூங்குறாங்க"ன்னேன். உள்ள வந்து, "அண்ணனுக்கு லீவு கிடைக்கலையாம்மா"ன்னேன். அம்மா போனை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வச்சேன்.

பார்க்க வந்தவங்ககிட்டயும் லீவு கதையைத்தான் சொன்னேன். அண்ணனை நாலு வார்த்தை திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். இதைச் சொல்லவே வெக்கமா இருக்கு அண்ணி. ஒருத்தர் திட்டணுமே. "பாவம், அந்தப் பிள்ளை அங்க என்ன பாடு படுதோ"ன்னாங்க. எனக்குத்தான், "முதுகுப் புண்ணுக்கு ஒழுங்கா மருந்து போடக் கூடாதா"ன்னு பேச்சு விழுந்துச்சு.

அம்மா போறதுக்கு முந்தின நாள் மத்தியானம். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல. "பெரியவனே, வந்துட்டியா?"ன்னு கையை நீட்டினாங்க. அண்ணன் குரலும் என் குரலும் ஒண்ணு, போன்ல நீங்களே எத்தனையோ தடவை ஏமாந்திருக்கீங்க. "வந்துட்டேம்மா"ன்னேன். கன்னத்தைத் தடவிக் கொடுத்தாங்க. எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

"சின்னவன் பக்கத்துல இருக்கானா?"ன்னு கேட்டாங்க.

"கடைக்குப் போயிருக்கான்மா."

"போறப்ப அவனையும் கூட்டிட்டுப் போயிடுப்பா. என்னால அவன் வாழ்க்கையே போச்சு. வாயைத் திறந்து ஒண்ணு கேக்க மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் குத்துது, அதான் சரியாப் பேசறது கூட இல்ல."

"சரிம்மா"ன்னேன், அண்ணன் மாதிரியே.

அம்மா ஏங்கிப் போகக் கூடாதுன்னுதான் அப்படிப் பேசினேன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா அம்மா கை என் கன்னத்துல இருந்த நேரம் பூரா, சட்டைப் பையில போன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு அண்ணி. அண்ணன்தான் கூப்பிட்டார். நான் எடுக்கல.