குடுவைக்குள் விருந்து

சிவகங்கையில் குழந்தைக்கு வைட்டமின் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு காரைக்குடி பஸ்ஸில் ஏறினேன். டாக்டர் சொன்னது ஐந்து சொட்டா, எட்டா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, முன்சீட்டில் காலேஜ் வாத்தியார் போலிருந்தவர் மனைவியிடம் கேட்டார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப, குடுவையில நான் ஆராய்ச்சிக்கு வளக்கிற கிருமிக்கு வைட்டமின் ஒரு சொட்டு விட்டியா?"

"ஒரு சொட்டா? நம்ம வீட்ல இருக்கிற சீவனுக்கு அளந்தா போடுவாக? கரண்டி நெறைய ஊத்துனேன்."

"அடிப்பாவி! வைட்டமின் இல்லாட்டி அது பொழைக்காதுதான். ஆனா அரைவயிறாக் குடுத்தாத்தான், தான் செய்யிற அமினோ அமிலத்தை வெளிய விடும். வயிறு நெறஞ்சா விடாது. நாளைக்குப் புரொபசர் வாராரு, எதைக் காட்டுவேன்? என் பட்டமே அதுலதான் இருக்கு."

"குடுவை பாலாட்டம் வெளுத்துக் கெடந்துச்சுங்க. தேறிருச்சுன்னுல்ல சந்தோசப்பட்டேன்."

"தேறிருச்சு. இனி தின்னு கொழுத்துக்கிட்டுச் சும்மா கெடக்கும்."

அந்த அம்மாள் ஜன்னல் வழியே ஒக்கூரைப் பார்த்தபடி சற்று யோசித்தார்.

"கெடந்துட்டுப் போகுது. உங்க தம்பிக்கும் நாந்தான் மூணு வேளையும் கஞ்சி ஊத்துறேன். அவுகளை என்னைக்காச்சும் ஏசியிருக்கீகளா?"

நான் ஐந்து சொட்டு என்று முடிவு செய்தேன்.