பதினாலாம் விதி

— ஓட்டுக் கணக்கை மினிட்ஸ்ல எழுதிட்டீங்களா சாலிஹா அம்மிணி?

— எழுதிட்டேன் அங்கிள். பதினாலாம் விதியை எடுத்துடலாம்னு நம்ம தமிழ்ச் சங்கத்தோட நிறுவனர் மணியன் கொண்டுவந்த தீர்மானம். ஆதரவு பதினொண்ணு, எதிர்ப்பு நாப்பத்தாறு. உங்க தீர்மானம் ஒண்ணு தோத்துப்போய் இப்பத்தான் ஃபர்ஸ்ட் டைம் பாக்கறேன்.

— அந்த நாப்பத்தாறுல செக்ரட்டரி உங்க கையும் இருந்துச்சுங்களே. முன்வரிசையில, மொத ஆளா.

— இருந்துச்சு. ஒளிக்கல. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

— கோவமெல்லாம் இல்லீங்க. அஞ்சு மணிக்கு ஸ்கூல்காரங்க கேஃபட்டேரியாவைப் பூட்டிருவாங்க. அதுக்குள்ள ஏன்னு மட்டும் சொல்லிப்போடுங்க.

— உங்களுக்குத் தெரியாதா? எட்டு வருஷம் முன்னாடி, நியூயார்க்ல ரெட்டை டவர் விழுந்து மூணே வாரம். தீபாவளி ஃபங்ஷனுக்கு எங்க வீட்டுக்காரர் அன்வர் பாட்சாதான் காம்பியர் பண்றதா இருந்துச்சு. 'பாட்சாங்கற பேரை இப்போ மேடையில கூப்பிட வேணாம், நெலமை சரியில்ல'ன்னு கமிட்டியில ஓட்டுப் போட்டாங்க. ஒம்பதுக்கு நாலு. நான் என் பொண்ணு ரிதாவை மடியில வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தேன். நீங்கதான் பதினாலாம் விதியில கையெழுத்துப் போட்டு அந்த ஓட்டைச் செல்லாம ஆக்கினீங்க. அன்வர் மேடை ஏறினாரு.

— ஏறினாருங்க. என்னமாப் பேசினாரு!

— அந்த விதி மட்டும் இல்லேன்னா நாங்க இந்த காப்பெல் ஊர்லயே இருந்திருக்க மாட்டோம். மூட்டை கட்டிட்டுப் போயிருப்போம்.

— போயிருப்பீங்க.

— பின்ன எதுக்கு எடுக்கணும்கறீங்க?

— அந்த விதி எங்கிருந்து வந்துச்சு தெரியுங்களா? தொண்ணூத்தஞ்சுல சங்கத்தைப் பதிவு பண்ணோணும். சனி ஞாயிறு ரெண்டே நாள்ல பைலா எழுதோணும். எங்கப்பா கோபியில வக்கீல், அவரோட பழைய சட்டப் புத்தகம் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் சட்டசபை ஒரு மசோதாவை வேண்டாம்னு தள்ளினாலும், சில துறையில கவர்னர் 'இது அவசியம்'னு சான்று குடுத்தாப் போதும், நிறைவேறினதா ஆயிரும். அட, நல்லா இருக்குதேன்னு கவர்னர்ங்கற எடத்துல நிறுவனர்னு போட்டுக்கிட்டேன்.

— ஐயோ அங்கிள்! டெக்சஸ்ல உக்காந்து நீங்களே உங்களை கவர்னர் ஆக்கிக்கிட்டீங்களா?

— சிரிங்க, சிரிங்க. எனக்கே இப்பத்தான் வெக்கமா இருக்குது.

— இருக்கட்டும், நீங்க நல்ல கவர்னர்தான்.

— அதை வள்ளி டீச்சரைக் கேக்கோணுமுங்க.

— அதை ஏன் இப்போ இழுக்கறீங்க...

— நம்ம தமிழ் வகுப்புல மொதல்ல கொழந்தைக தமிழ்ல பேசட்டும், எழுத்து அப்புறம் வரும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. சபையே சரின்னு, எழுத்துல ஆரம்பிக்கற என்னோட பழைய பாடத்தைத் தள்ளிருச்சு. நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டு அதையே திரும்பக் கொண்டுவந்தேன். அந்த வாரமே வள்ளி நின்னுருச்சு. நாப்பது கொழந்தைக இருந்த எடத்துல ஒம்பது. உங்க ரிதாவும் நின்னுதுங்களே, இப்போ தமிழ் பேசுதுங்களா?

— எங்க பேசறா? பன்னெண்டு வயசாச்சு. தமிழ்ல கேட்டா 'வாட்எவர், மாம்'. ஊர்லேர்ந்து எங்கம்மா போன் பண்ணா ஹலோ சொல்லி என் கையில குடுத்துட்டு ஓடிடறா. அம்மா அந்தப் பக்கம் அழுவாங்க. ஆனா உங்களை நான் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல அங்கிள்.

— சொல்லியிருக்கோணும். என்னைத் திட்ட ஒருத்தருமே இல்லாமப் போனதுதாங்க தப்பு. அது போவட்டும், அன்னைக்கு அன்வர் வேண்டாம்னு கை தூக்கின ஒம்பது பேர்ல ஒருத்தராச்சும் உங்க வூட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாங்களா?

— இல்ல. அந்த ஒம்பதுல ஒருத்தரான வாஞ்சிநாதன் அங்கிள், ஈத் பிரியாணி வாங்கும்போதுகூட என் மூஞ்சியைப் பாக்க மாட்டாரு.

— நான் கையெழுத்துப் போட்டதோட அவங்களுக்கு வேலை முடிஞ்சுபோச்சு. செஞ்சது சரியா தப்பான்னு ஒக்காந்து யோசிக்கவே இல்ல. இன்னைக்கும் 'மணியன் பாத்துக்குவாரு'ன்னுதான் அத்தனை கை.

— அவங்க யோசிச்சு மனசு மாறட்டும்னு காத்திருக்க எனக்கு தைரியம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு அடுத்து அந்த அதிகாரம் யாருக்குன்னு நீங்கதானே எழுதித் தரணும்? நேராவே கேக்கறேன், எனக்குத் தாங்க. நான் இருக்கற வரைக்கும் இன்னொரு அன்வரை யாரும் மேடையை விட்டு இறக்க மாட்டாங்க.

— உங்களுக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன். ஆனா நீங்க தப்பாக் கையெழுத்துப் போட்டா யாரு தடுக்கறது?

— நான் அப்படிப் போட மாட்டேன்.

— நானும் அப்படித்தாங்க நெனச்சிருந்தேன், வள்ளி போற வரைக்கும்.

— சரி அங்கிள், இனி பேசி என்ன? நீங்க கேட்டீங்க, சபை மாட்டேன்னுடுச்சு. விதி இருக்கத்தான் போகுது. லேப்டாப்பை மூடவா?

— இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குதுங்க, எழுதிக்கோங்க. 'சபை நிராகரித்த மேற்படி தீர்மானம் சங்கத்துக்கு அவசியம் எனக் கருதி, அது நிறைவேறியதாகச் சான்றளிக்கிறேன்.'

— அங்கிள்! நாப்பத்தாறு பேர் வேணாம்னு சொன்னதை நீங்க ஒருத்தரா... எந்த விதியில அப்படி இருக்கு?

— பதினாலாம் விதியிலதானுங்க அம்மிணி. பிரிண்ட் எடுங்க, கடைசியா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.