‘டு’வுக்குப் பின், ‘ஃபாரு’க்குப் பின்

— ‘மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மூன்றாம் எண் இஸ்திரி உருளையில், விரிப்பு மடிக்கும் பெண்ணின் வலது கை சிக்கி இரண்டு விரல்கள் நசுங்கின.’ இதுவரைக்கும் இங்கிலீஷ்ல அடிச்சாச்சு அண்ணே. அடுத்து?

— அடுத்து ‘ஐ அப்பாலஜைஸ்’. அதோட முடி. நாளைக்குக் காலையில மேனேஜர் மேசைக்குப் போகணும். போகலேன்னா என் ஃபோர்மேன் வேலை போயிடும்.

— அப்படி அந்தரத்துல தொங்க விடமாட்டேன். பின்னாடி ‘டு’ போட்டு யார்கிட்டன்னு சொல்லணும். ‘ஃபார்’ போட்டு எதுக்குன்னு சொல்லணும்.

— பத்து வருஷம் டைப் அடிச்சாலும் அடிச்சே, கூடப்பிறந்தவன்கிட்டயே குறுக்கு விசாரணை. ‘டு’ நிர்வாகம். ‘ஃபார்’ கவனக்குறைவு.

— யாரோட கவனக்குறைவு?

— அந்தப் பொண்ணோடது. மேனேஜர் சொன்ன வாசகம் தாயி, என்னுது இல்ல.

— நசுங்கினது அவ விரல். மன்னிப்பு நிர்வாகத்துக்கா? இதை நான் அடிச்சா அவளை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? உருளைக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி இருக்கும்னு நீதானே சொல்லுவே. அது இருக்கையில கை எப்படி உள்ள போச்சு?

— அன்னைக்கு அது இல்ல.

— ஏன் இல்ல? மென்னு முழுங்காம சொல்லு.

— விரிப்பு அதுல அடிக்கடி மாட்டும். மாட்டினா மெஷின் நிக்கும். கணக்குல நூறு விரிப்பு குறையும்.

— அதானே. அவசரம் மேனேஜருக்கு, பழி மடிக்கிறவளுக்கு, கையெழுத்து உனக்கு. இதை நான் சும்மா விடறதா இல்ல. அந்த ஆளைப் பத்தி ரெண்டு பக்கம் அடிக்கிறேன், சங்கத்துல கொடு.

— தாயி, கொஞ்சம் நிறுத்து.

— உனக்குப் பயம்னா நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன். இத்தனை வருஷம் அவருக்குத் தலையாட்டினது போதும்.

— இன்னைக்கு வார்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன்.

— என்ன சொன்னா?

— கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தா. ‘என்னால வேலை நின்னுடுச்சு, மன்னிச்சிருங்கண்ணே’ன்னா.

— உன்கிட்டயா?

— என்கிட்டதான். சங்கக் கடுதாசி வேணாம். மேனேஜர் வாசகமும் வேணாம். வேற தாள் சொருகு.

— சொருகிட்டேன். சொல்லு.

— ‘டு’வுக்கு அப்புறம் அவ பேரு. ‘ஃபாரு’க்கு அப்புறம், தடுப்புக் கம்பியைக் கழட்டினது. யாரும் கழட்டச் சொல்லல. திங்கக்கிழமை காலையில மேனேஜர் வர்றதுக்கு முன்னாடியே நான்தான் கழட்டினேன். அசலை நானே வார்டுல அவகிட்ட கொடுக்கறேன். மேனேஜருக்கு நகல் போகட்டும்.