உருண்டைக் கண்ணழகியும் எங்கள் தங்கக் காதும்

மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிற கையால் மன்றத்தின் மணியையும் அடித்து, மூன்று முறை அடித்தும் அடங்காத எங்களை நான்காம் முறை முறைத்தே அடக்கிவிட்டு, தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் அண்ணன் அவர்களே! கையில் கிரீஸ் படிந்தாலும் நாவில் கறை படியாத ஒர்க்ஷாப் அக்கா அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு முந்தி வந்த மூத்தோர்களே! வீட்டுக்காரர் கார் பார்க்கப் போகிறார் என்றால் கவலையின்றி வழியனுப்பி, காய்கறிப் பையையும் கையில் திணித்துவிடும் கருணை மிகுந்த தாய்மார்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் என் இல்லத்தரசியே! இரண்டாம் வரிசை ஓரத்தில், கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் என் ஆருயிர் நண்பர் பல் டாக்டர் அவர்களே! அத்தனை பேருக்கும் இந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் அடக்கமான வணக்கம்.

இன்றைய கூட்டத்தின் மூன்றாவது பொருள் என்ன? பல் டாக்டரை மன்றத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானம். அதை எழுதியவன் யார்? நான். பதினெட்டுப் பக்கம் எழுதியவன் யார்? நான். ‘துரோகம்’ என்ற சொல்லை முப்பத்தோரிடத்தில் அடிக்கோடிட்டவன் யார்? பின்னாலிருந்து ஒருவர் ‘நீங்கதான்’ என்கிறார். நன்றி ஐயா, எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். நானோ அதைத் தோற்கடிக்க வந்திருக்கிறேன். மணியை எடுக்காதீர்கள் அண்ணே. இறக்குவதென்றால் முழுக் கதையையும் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மன்றத்தின் பெயர் உருண்டைக் கண்ணழகி ரசிகர் மன்றம். யார் அந்த அழகி? அறுபது ஆண்டுகளாக அதே முகவெட்டு, அதே உருண்டை விளக்குகள், அதே சரிந்த முதுகு, முதுகுக்குக் கீழே எஞ்சின்! தெருவில் சண்டை போடுகிறவர்களும் சட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற பந்தயக் கார். மன்றத்தில் நாம் நாற்பத்திரண்டு பேர். அந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஆறு பேர். மீதி முப்பத்தாறு பேரிடம் என்ன இருக்கிறது? கருத்து இருக்கிறது! என்னிடம் கருத்தோடு ஒரு ஸ்டியரிங்கும் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், ஸ்டியரிங் தெரிகிறதா என்றுதான் கேட்பேன்.

ஆனாலும் இருபத்தாறு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் நான் அழகியில் வலம் வந்திருக்கிறேன். எப்படி? பல் டாக்டரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து! அவர் ஓட்டுவார், நான் பேசுவேன். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். இப்படி ஒரு பொறுமைசாலி உலகத்தில் உண்டா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்படியிருக்க, இந்த ஆண்டு வந்ததே ஒரு செய்தி. அழகிக்குப் பேட்டரி வைத்துவிட்டார்கள். ஹைபிரிட்டாம்! பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து தள்ளுமாம். மெதுவாகப் போகையில் மூச்சுச் சத்தம்கூட வராதாம். மனம் தாங்குமா? மன்றம் தாங்குமா? தலைவர் அண்ணன் அன்றைக்குத் தன் கடை மாத்திரையைத் தானே விழுங்கினார். அழகிக்கு ஐம்பது கிலோ கூடிவிட்டதே என்று மூன்று உறுப்பினர்கள் கண்கலங்கினார்கள். அந்த மூவரும் சேர்ந்து இத்தனை வருஷத்தில் எவ்வளவு கூடியிருக்கிறார்கள் என்று என் இல்லத்தரசி கேட்டாள். அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை. ஆயுள் முழுக்கப் பேருந்திலேயே போய்வருகிற நம் பொருளாளர், இனிமேல் இந்தக் காரை வாங்கவே மாட்டேன் என்று மேசையில் அடித்துச் சபதம் செய்தார். கம்பெனிக்காரர்கள் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது ஒர்க்ஷாப் அக்கா என்ன செய்தார்? பழைய தீர்மானப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, உரக்கப் படித்தார். காற்றிலே குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்பெனி தண்ணீர் ஊற்றியபோது, ‘இத்தோடு அழகி இறந்தாள்’ என்று தீர்மானம். ஸ்டியரிங் திருப்புவதைச் சுலபமாக்கியபோது, ‘இத்தோடு அழகி இறந்தாள்’ என்று தீர்மானம். உருண்டை விளக்கை ஒரு விரற்கடை நீட்டியபோது, ஒரு வாரம் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, ‘இத்தோடு அழகி இறந்தாள்’ என்று தீர்மானம்.

“மூணு தடவ செத்து, மூணு தடவயும் எழுந்து ஓடியிருக்கா. இந்தத் தடவ மட்டும் எதுக்குப் பெட்டிக்கு அளவெடுக்கிறீங்க?” என்றார் அக்கா.

நாம் என்ன செய்தோம்? டீ ஆறுகிறது என்று எல்லோரும் எழுந்து போய்விட்டோம்.

இந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், நம்மில் ஒருவரே அந்தப் பேட்டரி வண்டியை வாங்கிவிட்டார். யார் வாங்கியது? பொழுது போகாத புது உறுப்பினரா? இல்லை. நம் பல் டாக்டர். நம் தங்கக் காது!

ஏன் தங்கக் காது? நம் விதிப் புத்தகத்தின் முதல் வரி ‘ஓசையே உயிர்.’ நான் எழுதிய வரி. அதற்காகவே மாதாமாதம் கண்மூடிப் போட்டி. முற்றத்துக்குள் வண்டி நுழையும் முன்பே எல்லோரும் கண்ணை மூடிவிட வேண்டும். உள்ளே வந்து எஞ்சின் உறுமும். அது எந்த ஆண்டு வண்டி என்று காதாலேயே சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக் கேடயத்தை வென்றவர் டாக்டர். ஆண்டை மட்டுமா சொன்னார்? இடப்பக்கச் சக்கரத்தில் காற்று குறைவு என்றார். பின்கண்ணாடியில் கீறல் என்றார். ஒருமுறை, வண்டி சிவப்பு என்றார். காதாலே நிறம் காணும் கலைஞரே என்று நானே கேடயம் கொடுத்துக் கட்டித் தழுவினேன். என்ன, பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்களே? அன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை?

அந்தத் தங்கக் காது தன் புது வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தது. வழக்கப்படி கண்ணை மூடினோம். நாற்பத்தொரு பேர், உச்சி வெயிலில். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. தலைவர் என் காதருகே, “ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க” என்றார். நான் கண்ணைத் திறக்காமலே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதில் இல்லை. ஐந்தாம் நிமிடம் பொருளாளருக்குத் தலை சுற்றியது. கண்ணைத் திறந்தோம். வண்டி நம்மைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்து முடித்துச் சுவரோரம் நிற்கிறது. டயர் தடம் என் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் கிடக்கிறது. டாக்டர் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அன்று என்னோடு வெயிலில் நின்றவர்கள்தான்.

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். வீட்டுக்குப் போய் எழுதினேன், எழுதினேன், பதினெட்டுப் பக்கம் எழுதினேன். டாக்டரோடு பேச்சை முறித்துக்கொண்டேன். ஞாயிறு வந்தது. பழக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். பிறகு உள்ளே வந்து கழற்றினேன். மூன்று மாதம், பன்னிரண்டு ஞாயிறு, இதே கூத்து. பதின்மூன்றாவது ஞாயிறு என் இல்லத்தரசி கேட்டாள்:

“கார் போச்சேன்னு வருத்தமா, அவர் போயிட்டாரேன்னு வருத்தமா? எதுன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வெங்காயத்த உரிங்க.”

உரித்தேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

நான் முறுக்கிக்கொண்டு இருந்தாலும் என் கடைவாய்ப் பல் சும்மா இருக்குமா? போன வாரம் அது தன் வேலையைக் காட்டியது. மூன்று நாள் தாங்கினேன். ஊரில் இருக்கிற இன்னொரு பல் மருத்துவரோ வெளியூர் போயிருந்தார். கொள்கையா, கடைவாய்ப் பல்லா? பெருமக்களே, பல் வலி வந்தவனுக்குக் கொள்கை கிடையாது. போனேன். பேச மாட்டேன் என்று உறுதியோடு போனேன். நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் நாலு கருவியை வைத்துவிட்டால் நினைத்தாலும் பேச முடியாது என்பது பிறகுதான் விளங்கியது.

மரத்துப்போகும் ஊசி முழுதாகப் பிடிக்கும் முன்பே மிஷின் பல்லைத் தொட்டுவிட்டது. அலறினேன். அடுத்த அறையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. டாக்டரோ நிறுத்தவில்லை. துரோகி, பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். மறுபடி அலறினேன். அவர் பல்லின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குடைந்துகொண்டே இருந்தார். அப்போது அங்கே உதவிக்கு இருக்கும் நர்ஸ் தங்கை ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பதறிப்போய் மிஷினை நிறுத்தினார்.

அந்தத் தங்கை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அவருக்குக் கேக்காது சார். முகத்தப் பார்த்தாத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

எனக்குத் தெரியாது. இருபத்தாறு ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது. பார்வை விற்றுப் பிழைக்கிறவனுக்குத் தெரியாது.

அவரிடம் கேட்கலாம் என்றால் அதற்குள் ஊசி பிடித்துவிட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர் அவர். என் உதடோ பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம் போகிறது. ஆயுளில் ஒருநாள் அளவாகப் பேச நினைத்தேன், அன்றைக்கு வாய் இப்படி. மருந்துச் சீட்டை இழுத்து, ‘எத்தனை வருஷமா?’ என்று எழுதிக் காட்டினேன்.

“எட்டு வருஷம். முப்பது வருஷமா காதுகிட்டயே மிஷின் ஓடுதில்ல. இப்போ பெரிய சத்தம்னா தூரத்துல மழ பெய்யற மாதிரி இருக்கும். மத்தது ஒண்ணும் கேக்காது.”

‘அப்ப போட்டி?’ என்று எழுதினேன்.

“நீங்கெல்லாம் கண்ண மூடுனீங்க. நான் மூடல. மூடினேனான்னு பாக்க ஒருத்தர்கூட கண்ணத் திறக்கல.”

எட்டு ஆண்டு, பெருமக்களே! எட்டுக் கேடயம்! அதற்கு நடுவே என் கடையில் அவர் கண்ணைச் சோதித்து, ‘பார்வை அபாரம்’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன்.

“விதிப் புத்தகத்துல மொத வரியே ஓசைதான் உயிருன்னு நீதான எழுதுன. சத்தம் கேக்காதவனுக்கு அங்க என்ன எடம்னு நெனச்சேன். பழைய வண்டியில எப்போ கியர் மாத்தணும்னே தெரியாமப் போச்சு. ஒருநாள் கடைத்தெரு முழுக்க ரெண்டாவது கியர்லயே போயிருக்கேன், எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க, நான் கையசைச்சுக்கிட்டே போறேன். இந்தப் புது வண்டியில மிதிச்ச ஒடனே முதுகுல வந்து தள்ளுது பாரு, அது எனக்குத் தெரியுது. எனக்கு இப்போ முதுகுதான் காது.”

அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான் அழுதேன். பல் வலியால் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு ஊசியை எடுத்தார். தடுப்பதற்குப் பெரும்பாடு பட்டேன்.

அன்று மாலை என்னை அந்த வண்டியில் ஏற்றினார். நான் ‘உயிரற்ற மின்விசிறி’ என்று ஏழாம் பக்கத்தில் எழுதிய அதே வண்டி. ஊர் எல்லை தாண்டியதும் மிதித்தார். என்ன நடந்தது? முதுகை யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. பல்லில் அடைத்த சிமென்ட் அங்கேயே உதிர்ந்தது. ஆனந்தத்தில் கத்திவிட்டேன். டாக்டர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. சாட்சி யாரும் இல்லாததால் நானே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏழாம் பக்கத்தையும் மற்ற பதினேழு பக்கத்தையும் எழுதும்போது நான் ஒருநாளும் அந்த வண்டியில் உட்கார்ந்தவனில்லை.

இதையெல்லாம் மேடையில் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சிரிக்கிற மாதிரி சொன்னால்தான் சொல்லலாம் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முடிந்தவரை காப்பாற்றியிருக்கிறேன். இனி வருவதற்கு அந்த நிபந்தனை பொருந்தாது.

பெருமக்களே! பேட்டரி வைத்தால் அழகி செத்துப்போவாளா? எனக்குத் தெரியாது. நீங்கள் பேசுங்கள், வாதாடுங்கள், வருகிற மாடலுக்கும் கறுப்புப் பட்டை கட்டுங்கள், நானும் கட்டுகிறேன். ஆனால் எட்டு ஆண்டு எஞ்சின் சத்தமே கேட்காத ஒரு மனிதர், மாதம் தவறாமல் இந்த முற்றத்துக்கு எதற்கு வந்தார்? எதைக் கேட்க வந்தார்? நம்மைப் பார்க்க வந்தார், ஐயா! நாம் கண்ணை மூடிக்கொண்டு பரவசப்படுகிற முகங்களைப் பார்க்க வந்தார். அவரையா நீக்குவது? அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்ட இந்தக் கையையா நான் இன்னும் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டிருப்பது? தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன். விதிப் புத்தகத்தின் முதல் வரியையும் என் கையாலேயே அடிக்கிறேன். வேறு வரி வேண்டுமானால் அக்கா எழுதட்டும்.

தலைவர் அண்ணன் இதை வாக்குக்கு விடுவார். நம் வழக்கம் என்ன? ‘ஆம்’ என்று கத்த வேண்டும், சத்தம் அதிகமான பக்கம் வெற்றி. இன்று ஒருநாள் அந்த வழக்கம் வேண்டாம். நீங்கள் கூரை அதிரக் கத்தினாலும், யாருக்காகக் கத்துகிறீர்களோ அவருக்குப் போய்ச் சேராது. டாக்டர் நம்மோடு இருக்க வேண்டும் என்பவர்கள் எழுந்து, அவர் பக்கம் திரும்பி, கையைத் தூக்குங்கள்.

அண்ணே, மணியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குங்கள். பொருளாளர் ஐயா, ஆளுக்கு ஒரு வாக்குதான், ஒரு கையை இறக்குங்கள். தாய்மார்களே, உங்களுக்கு வாக்கு இல்லை என்று விதி சொல்கிறது, பரவாயில்லை, தூக்கியதைத் தூக்கியபடியே வையுங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட என் இல்லத்தரசிக்கும், பேச இடம் கொடுத்த தலைமைக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, வணக்கம் கூறி அமர்கிறேன். கையை மட்டும் யாரும் இறக்கிவிடாதீர்கள். அவர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார், இன்னும் முடிக்கவில்லை.