இடது கைக் கொடி

மழை நாளில் லைன்ஸ்மனின் கொடி கனக்கும். ஆட்டம் பார்க்க வருபவர்களுக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நான் அதைக் குளியலறையில் காயப்போட்டு, அடுத்த சனிக்கிழமை இஸ்திரி போட்டு வைப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம். என் சேட்டுகளைக்கூட நான் இப்படிக் கவனிப்பதில்லை என்பாள் மனைவி புஷ்பராணி.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வேலைக்குப் போதும், விளக்கம் சொல்லப் போதாது.

என் பெயர் யோகேந்திரன். வார நாட்களில் லாசால் பகுதியில் ஒரு குளிரூட்டிக் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், முப்பத்தைந்து வயது தாண்டியவர்களின் உதைபந்தாட்ட லீக்கில் கோட்டோரம் நின்று கொடி பிடிக்கிறேன். சில வருடங்களாகவே எனக்கு அலுத்துப் போயிருந்தது, அதை மறைக்கவில்லை. தொந்தி வைத்த மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், காற்றுப் பட்டாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரளுகிறார்கள். விசில் வராவிட்டால் எழுந்து ஓடுகிறார்கள். வெளியே நிற்பவர்கள் என் தாயைப் பற்றி மூன்று மொழிகளில் பேசுகிறார்கள். இத்தாலியர் அணி, தமிழர் அணி என்று இதில் பேதமே இல்லை. ஒழுங்காக ஆடத் தெரியாதவர்களுக்கு ஒழுங்காகக் கொடி பிடிப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று யாரும் கேட்டதில்லை.

இத்தாலியர் அணியின் மனேஜர் கார்மைன். அறுபத்து நான்கு வயது, தரைக்கு ஓடு பதிக்கிற தொழில். ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார். முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், கறுப்புப் பிளாஸ்கில் கொண்டுவந்த கோப்பியை மூன்று கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி, மத்தியஸ்தருக்கும் லைன்ஸ்மன்கள் இருவருக்கும் கொடுப்பார். அது அந்த அணியின் வழக்கம். குடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்றுதான்.

"யோகி, அந்தக் கோர்னர் உண்மையாகவே கோர்னர்தானா?"

நாங்கள் உண்மையைச் சொல்லிவிடுவோம். பிழை விட்டிருந்தால் பிழை என்போம். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார். பதினொரு வருடம் அந்தக் கோப்பியைக் குடித்திருக்கிறேன். எனக்கு எத்தனை சீனி என்பது அவருக்குத் தெரியும்.

போன ஞாயிறு இறுதியாட்டம். தமிழர் அணி ஒரு கோலால் முன்னுக்கு நின்றது. கடைசி நிமிடத்தில் இத்தாலியர்கள் பந்தை வலைக்குள் அடித்தார்கள். நான் கொடியை உயர்த்தினேன். ஓஃப்சைட். கோல் இல்லை.

பந்தை அனுப்பும் நேரத்தில், அதை வாங்கி அடிப்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியில் இரண்டு பேராவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓஃப்சைட். ஒருவர் கோல்காப்பாளர். இரண்டாவது ஆள் ரதீசன் என்கிறார்கள். ரதீசன் தமிழர் அணியின் பின்வரிசை ஆட்டக்காரன். நேரத்தைக் கடத்துவதற்காகத் தொடையைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்தடியில் படுத்துக் கிடந்தானாம். படுத்துக் கிடப்பவனையும் எண்ண வேண்டும் என்பது விதி. அது எனக்குத் தெரியாததல்ல. விழுந்து நடிப்பவர்களை நான் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் என் முதுகில் விழுந்தது. தன் ஆட்களுக்குக் கொடி பிடிக்கிறான் என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் தொடைவலி நீங்கிய ரதீசன் பாய்ந்து வந்து என் தோளில் தட்டினான்.

"அண்ணை, கப்பைக் காப்பாத்தித் தந்திட்டியள்!"

போத்தலைவிட அந்த நன்றிதான் எனக்கு வலித்தது.

பிறகு நடந்ததை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். சிவப்புப் புகை, மடக்குக் கதிரைகள், நாற்பது பேர் ஒருவர் மேல் ஒருவர். பொலிஸ் வந்து, அடித்தவனுக்கும் விலக்குப் பிடித்தவனுக்கும் ஒரே மாதிரி மிளகாய்ப் புகை அடித்தது. ரதீசனின் முகத்தைக் கம்பி வேலியில் வைத்து அழுத்தினார்கள். நான் சாமான் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓர் இளம் பொலிஸ்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். என் மஞ்சள் சேட்டையும் கொடியையும் பார்த்துவிட்டு, யாரிடமாவது ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவு பேரில் நம்பக்கூடியவன் நான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரில் பிழையில்லை.

நான் ஏன் இடது கையில் கொடி பிடிக்கிறேன் என்று முன்பு கேட்டீர்கள். பதினான்கு வருடத்துக்கு முன் மெட்ரோ நிலையத்தில், பையோடு நின்ற ஒருவனைப் பற்றி யாரோ பொலிஸுக்குச் சொன்னார்கள். பையோடு நின்றவன் நான். பையில் மத்தியானச் சாப்பாடு இருந்தது. விழுத்திவிட்டுத்தான் பெயரைக் கேட்டார்கள். பிறகு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. வலது கை அன்றிலிருந்து தோளுக்கு மேல் எழும்புவதில்லை. ஆகையால், ஒரு சொல் சொன்னால் அடுத்த ஐந்து வினாடியில் என்ன நடக்கும் என்பதை நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

கார்மைன் சண்டைக்குப் போகவில்லை. மைதானத்தின் குறுக்காக என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நான் கொடியை நீட்டி அவரைக் காட்டினேன். "வலது கையில், கறுப்பு" என்று சொன்னதாக ஞாயிற்றுக்கிழமைச் சாட்சியத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரி. ஆனால் இன்னொரு சொல்லும் சொன்னேன். துப்பாக்கி என்றேன்.

கீழே போடும்படி அவர்கள் கத்தினார்கள். அவர் விளங்காமல், மற்றக் கையிலிருந்த கடதாசிக் கோப்பைகளை உயர்த்திக் காட்டினார். மூன்று கோப்பைகள். இரண்டு பேர் பாய்ந்து விழுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்கின் சிமெந்து விளிம்பில் அவர் தலை பட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்த இளம் பொலிஸ்காரரை விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் கை ஓங்கத் தயங்காதவர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நான் காட்டிய இடத்துக்குத்தான் ஓடினார்.

திங்கட்கிழமை புஷ்பராணி தன் போனில் வீடியோவைக் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ, ரதீசன் படுத்துக் கிடக்கிறான் எல்லே? அப்ப அது கோல்தானே?"

"சாப்பாட்டைப் போடும்" என்றேன்.

புதன்கிழமை லீக்கிலிருந்து கடிதம் வந்தது. லைன்ஸ்மனின் தவறான முடிவு காரணமாக, கார்மைனின் நினைவாக, இறுதியாட்டத்தை மீண்டும் ஆடப் போகிறார்களாம். அதை வாசித்த பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். அது பிளாஸ்க் என்பது எனக்குத் தெரியும். பதினொரு வருடம் பார்த்த பிளாஸ்க், மைதானத்தின் அந்தக் கரையிலிருந்தே தெரிந்தது. அவர் கோப்பியை ஊற்றி, சீனி போட்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார். அவர் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னதில்லை. ஆகவே அவர் என்னிடம் வந்து சேராமல் இருக்க வேண்டியிருந்தது. பொலிஸ் என்ன செய்யும் என்று தெரிந்துதான் காட்டினேன். கார்மைன் சாகக் காரணம் நான். இதன் கீழ் கையெழுத்துப் போடுகிறேன்.

லீக்குக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டிய அவசியம் இல்லை. அது ஓஃப்சைட்.